சிக்கன் ஷியோ ராமென்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

டோக்கியோவில் கோழிச் சாற்றில் உப்புச் சுவைகொண்ட ஷியோ ராமென் (ஜப்பானிய சாற்று நூடுல்ஸ்) மட்டும் போடும் சின்னக் கடைகள் நிறைய உண்டு. அவற்றைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்றிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் இதோ.

ஊர்சுற்றி: முதல் தடவை போகிறேன். உள்ளே போனதும் என்ன செய்ய வேண்டும்?

பெரும்பாலும் எட்டுப் பத்து இருக்கைதான், எல்லாம் அடுப்பைப் பார்த்த கவுண்டர். வாசலருகே டிக்கெட் மெஷின் நிற்கும். எழுத்து புரியாவிட்டால் மேல் இடது மூலைப் பொத்தானை அழுத்துங்கள். கடையின் முக்கிய ராமென் வழக்கமாக அங்கேதான் இருக்கும். வரும் சீட்டைக் கவுண்டர்மேல் வையுங்கள். தண்ணீரை நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும். சாப்பிட்டதும் கிண்ணத்தைக் கவுண்டரின் மேல்தட்டில் ஏற்றிவிட்டு, அங்கே கிடக்கும் துணியால் உங்கள் இடத்தைத் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள். டிப்ஸ் வேண்டாம்.

முக்கியமாக, 1000 யென் தாள்கள் கையில் இருக்கட்டும். பெரிய நோட்டை வாங்காத மெஷின்கள் ஏராளம். 2024 ஜூலையில் வந்த புதுத் தாள்களை வாங்காத பழைய மெஷின்களும் இன்னும் உண்டு.

கார்த்தி: சீட்டு வாங்கிவிட்டு வரிசையில் நிற்பதா, நின்றுவிட்டு வாங்குவதா?

கடைக்குக் கடை மாறும். முன்னால் நிற்பவரைப் பாருங்கள். நண்பருக்கு இடம் பிடித்து வைக்காதீர்கள். சாறு தீர்ந்தால் அன்றைக்குக் கடை மூடிவிடுவார்கள், பலகையில் போட்டிருக்கும் நேரத்தை நம்பிக் கடைசியில் போகாதீர்கள்.

மதுரைக்காரி: படத்தில் தெளிந்த ரசம் மாதிரி இருக்கிறது. உப்புத் தண்ணீருக்கா 1000 யென்?

இதற்குத்தான் காத்திருந்தேன். கோழியையும் எலும்பையும் கொதிக்கவிடாமல், 90 டிகிரிக்குச் சற்று மேலே, எப்போதாவது ஒரு குமிழி எழும் சூட்டில் மணிக்கணக்காக வைப்பார்கள். நுரையை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தளதளவென்று கொதித்துவிட்டால் கொழுப்பு தண்ணீரோடு கலந்து சாறு கலங்கிவிடும், அவ்வளவுதான். மேலே மிதக்கும் கோழி நெய்யைத் தனியாக எடுத்து வைப்பார்கள்.

உப்பு 'தாரே' என்ற அடர்ந்த கரைசலாக வரும். பல கடைகளில் இரண்டு மூன்று வகை உப்போடு கொம்பு என்ற கடற்பாசி, காய்ந்த ஸ்காலப் சிப்பி, மட்டி எல்லாம் அதில் ஊறியிருக்கும். கிண்ணத்தில் முதலில் தாரே, கோழி நெய், அதன்மேல் சூடான சாறு, பிறகுதான் நூடுல்ஸ். கவுண்டரில் உட்கார்ந்தால் கண்ணெதிரே நடக்கும்: வடிதட்டை இரண்டு உதறு உதறி, நூடுல்ஸைச் சாற்றில் இறக்கி, குச்சியால் ஒரு முறை தூக்கி மடித்துப் படியவைப்பார் சமையல்காரர். நெய் சின்னச் சின்ன வட்டமாக மினுங்கும்.

மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) போட்டால் சாற்றின் குறை மறையும், சோயா சாஸிலும் ஓரளவு மறையும். ஷியோவில் எலும்பின் ரத்தத்தைச் சரியாகக் கழுவாவிட்டால்கூட வாடை காட்டிக்கொடுத்துவிடும்.

வெண்சாறு வீரன்: ஏமாற்று வேலை. கெட்டியான வெள்ளைச் சாறுதான் ராமென். இதெல்லாம் நோயாளிக்கு.

அதே கோழியைப் பொங்கப் பொங்கக் கொதிக்க வைத்தால் நீங்கள் கேட்கும் 'தோரி பைதான்' வரும். எனக்கும் பிடிக்கும். ஆனால் கெட்டியாக இருப்பதாலேயே ருசி அதிகம் என்பது நாக்கு செய்யும் கணக்கு இல்லை, உதட்டில் ஒட்டும் பசையின் கணக்கு.

மதுரைக்காரி: அப்போ ருசி எங்கிருந்து வருகிறது? அஜினோமோட்டோவா?

வெண்சாறு வீரன்: சரியான கேள்வி!

சில கடையில் அதுவும் உண்டு, குற்றமில்லை. கொம்புவில் இயல்பாகவே இருக்கும் குளுட்டமேட் என்ற ருசிப் பொருளைத்தான் 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் இகெதா கிகுனாயே பிரித்தெடுத்தார். அதிலிருந்து பிறந்ததே அந்தப் பொடி. கோழியில் இனோசினேட் என்ற இன்னொரு ருசிப் பொருள் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ருசி கூட்டல் இல்லை, பெருக்கல். மட்டியில் இருக்கும் சக்சினிக் அமிலம் இன்னொரு பக்கம் சேர்கிறது. உப்புத் தண்ணீர் என்றவர் முதல் இரண்டு கரண்டி சாற்றை எதுவும் தொடாமல் குடித்துப் பார்க்கட்டும்.

வெண்சாறு வீரன்: குடித்தேன். சப்பென்று இருந்தது.

மேசையில் இருந்த மிளகை முதலிலேயே கொட்டியிருப்பீர்கள். வெண்சாறு பற்றி இனி இங்கே பதில் இல்லை.

அனிதா: சைவத்தில் கிடைக்குமா?

இந்தக் கடைகளில் கிடையாது. டோக்கியோ ஸ்டேஷனுக்குள் 'டீஸ் தான்தான்' என்ற ராமென் கடை இருக்கிறது, முழுக்கத் தாவர உணவு.

செல்வி: இறைச்சி, முட்டையை எடுத்துவிடச் சொன்னால் சைவம்தானே?

சாறே கோழி, அம்மா.

பஷீர்: கோழிக் கடை என்றால் பன்றி இருக்காது இல்லையா?

அப்படி நம்பாதீர்கள். சாறு கோழியாக இருந்தாலும் மேலே வைக்கும் இறைச்சித் துண்டு (சாஷு) பல இடங்களில் பன்றிதான். ஹலால் என்று சான்று மாட்டிய கடையாகப் பார்த்துப் போங்கள்.

தினேஷ்: மேலே வைத்த கோழி இளஞ்சிவப்பாக இருந்தது. வேகவில்லையா?

பெரும்பாலும் குறைந்த சூட்டில் நீண்ட நேரம் வேகவைப்பதால் வரும் நிறம். நெருடினால் சாப்பிடாமல் ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

ராஜி: அப்பாவுக்கு பிபி. சாற்றை மிச்சம் வைத்தால் தப்பாக நினைப்பார்களா?

மாட்டார்கள். முழுதும் குடித்தால் ஒரு கிண்ணத்திலேயே 5 கிராம் உப்பைத் தாண்டிவிடலாம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் அதற்குக் குறைவாகத்தான் சொல்கிறது. நூடுல்ஸோடு நிறுத்தட்டும்.

முருகேஷ்: எலுமிச்சை ஊறுகாய் கொண்டு போகலாமா?

கூடாது.

நந்தினி: நாங்கள் ஆறு பேர், இரண்டு குழந்தைகள்.

எட்டு இருக்கைக் கடைக்கு ஆறு பேர் சேர்ந்து போகாதீர்கள். டோக்கியோவுக்கு அருகே, 1994-இல் திறந்த ஷின்-யோகோஹாமா ராமென் மியூசியத்துக்குப் போங்கள். பல ஊர்க் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன, சின்னக் கிண்ணமும் தருவார்கள்.

விக்கி: கார்டு எடுப்பார்களா?

சில இடத்தில். 1000 யென் தாள் என்று மேலே சொல்லியிருக்கிறேன், படியுங்கள்.

சுதா: சப்போரோ போகிறேன், அங்கே நல்ல ஷியோ கடை?

சப்போரோவுக்குப் பெயர் மிசோவில். ஷியோ வேண்டுமென்றால் அதே ஹொக்கைடோ தீவில் ஹகோடதே நகரத்துக்குப் போங்கள். ஆனால் அந்த ஊர்ச் சாற்றில் பன்றி எலும்பும் சேர்ப்பது வழக்கம். பஷீர், நீங்களும் கவனியுங்கள்.