நிகழ்வு என்பது ஒரு புள்ளியா?

கேள்வி: ஐன்ஸ்டைனுக்குப் பிறகு, நிகழ்வு என்பது காலவெளியில் ஒரு புள்ளி என்று இயற்பியல் முடிவுகட்டிவிட்டது. இடத்துக்கு மூன்று எண், காலத்துக்கு ஓர் எண் கொடுத்தால் வேலை முடிந்தது. அதன் பிறகும் ‘நிகழ்வு என்றால் என்ன’ என்று தத்துவவாதிகள் பக்கம் பக்கமாக எழுதுவது வெட்டி வேலை அல்லவா? மழுப்பாமல் பதில் தரவும். (கல்லூரி மாணவர் ஒருவர்)

பதில்: மழுப்பவில்லை. நீங்கள் தரும் நான்கு எண்கள் கதவிலக்கம் மட்டுமே. உள்ளே யார் குடியிருக்கிறார் என்பதை அவை சொல்வதில்லை. எதுவுமே நடக்காத வெற்றிடத்துக்கும் அப்படி நான்கு எண்கள் உண்டு. 1905ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஐன்ஸ்டைன் எடுத்துக்காட்டிய நிகழ்வுகள், ரயில் வந்து சேர்வதும் கடிகாரத்தின் சிறிய முள் 7ஐக் காட்டுவதும்தான். ஏறத்தாழ ஒரே இடத்தில் நடப்பவற்றை ‘ஒரே நேரத்தில்’ என்பதிலும் ஒரு துல்லியக் குறைவு ஒளிந்திருக்கிறது என்றும், அதைக் கருத்தளவில் சுருக்கியே நீக்க முடியும் என்றும் அவரே அடிக்குறிப்பில் எழுதினார். அந்தச் சுருக்கத்தைத்தான் நீங்கள் வரையறை என்று எடுத்துக்கொண்டீர்கள்.

இயற்பியலுக்குள்ளும் இந்தச் சொல்லுக்கு ஒரே பொருள் இல்லை. ஜெனீவா அருகிலுள்ள பெரிய ஹாட்ரான் மோதுவி என்னும் துகள் மோதல் இயந்திரத்தில் 25 நானோ விநாடிக்கு ஒரு முறை புரோட்டான் கொத்துகள் ஒன்றையொன்று கடக்கின்றன. ஒரு கடப்பில் பல பத்து மோதல்கள் நேரலாம், ஆனால் அவை அத்தனையும் சேர்ந்த பதிவையே அங்குள்ளவர்கள் ‘ஒரு நிகழ்வு’ என்கிறார்கள். புள்ளி எங்கே போயிற்று?

இனித் தத்துவவாதிகள். அவர்களுடைய கேள்வி ‘எங்கே, எப்போது’ என்பதன்று, ‘எத்தனை’ என்பது, அதாவது நடந்தது ஒரு நிகழ்வா, பலவா என்பது. டொனால்ட் டேவிட்சன் 1969இல், ஒரே காரணங்களும் ஒரே விளைவுகளும் உடையவை ஒரே நிகழ்வு என்றார். காரணங்களும் விளைவுகளும் நிகழ்வுகளே என்பதால், இது தன் வாலைத் தானே பிடிக்கும் விளக்கம் என்பது மற்றொரு தத்துவவாதியான குவைனின் கண்டனம். 1985இல் டேவிட்சன் அதை ஒப்புக்கொண்டு, ஒரே இடத்தையும் ஒரே காலத்தையும் நிரப்புபவை ஒரே நிகழ்வு என்ற குவைனின் அளவுகோலுக்கு மாறினார். ஓர் உலோகப் பந்து ஒரு நிமிடத்தில் சூடேறுகிறது, அதே நிமிடத்தில் 35 பாகை சுழலவும் செய்கிறது. இரண்டும் ஒன்றா என்ற ஐயத்தை 1969இல் எழுப்பியவரும் டேவிட்சனே. புதிய அளவுகோலின்படி ‘ஒன்றுதான்’ என்று விழுங்க வேண்டியிருக்கிறது. என் தொண்டையில் அது இறங்கவில்லை, ஏனெனில் மெழுகை உருக்குவது சூடேறுதலே அன்றிச் சுழற்சி அன்று.

உங்களுக்குப் பிடித்த துறையிலிருந்தே ஒன்றைப் பாருங்கள். ஏறத்தாழ 1,68,000 ஒளியாண்டுத் தொலைவில், பெரிய மெகல்லன் மேகம் என்னும் அண்டை விண்மீன் மண்டலத்தில் ஒரு நீல நிறப் பெருவிண்மீன் வெடித்த செய்தி 1987இல் பூமியை அடைந்தது. பிப்ரவரி 23 அன்று, உலக நேரம் 7.35 மணியளவில், ஜப்பான், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய நாடுகளின் கருவிகளில் மொத்தம் இருபது சொச்சம் நியூட்ரினோக்கள் (எதையும் எளிதில் ஊடுருவிச் செல்லும் நுண்துகள்கள்) பதிவாயின. வெடிப்பின் ஒளியோ அதற்குச் சுமார் 3 மணி நேரம் கழித்து எடுத்த படத்தில்தான் முதலில் காணப்படுகிறது. நியூட்ரினோ ஒளியை முந்தி ஓடவில்லை. விண்மீனின் உள்ளகம் சரிந்தபோதே நியூட்ரினோக்கள் புறப்பட்டுவிட்டன. அதிர்ச்சி அலை மேற்பரப்பை எட்டச் சில மணி நேரம் பிடித்தது, அதன் பிறகே ஒளி கிளம்பியது. ‘சூப்பர்நோவா 1987ஏ’ என்ற ஒரே பெயருக்குள் இருப்பது ஒரு நிகழ்வா, இரண்டா? ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டால், இந்த மணிக்கணக்கு வேறுபாட்டை எதற்கு எதனோடு ஒப்பிட்டு விளக்குவீர்கள்?

தத்துவவாதி ஜேக்வான் கிம்மின் வழி எனக்கு உவப்பானது: ஒரு பொருள், அது கொள்ளும் ஒரு பண்பு, ஒரு காலம் ஆகிய மூன்றும் சேர்ந்தது ஒரு நிகழ்வு. உள்ளகத்தின் சரிவும் மேற்பரப்பின் வெடிப்பும் அதில் இயல்பாகவே பிரிகின்றன, பந்தின் சூடும் சுழற்சியும் அவ்வாறே. பண்புதோறும் ஒரு நிகழ்வு என்றால் எண்ணிக்கை பெருகிவிடும் என்று அவரைக் குறை சொல்வார்கள். நடந்தவன், மெதுவாக நடந்தபோது, இரண்டு நிகழ்வுகளை நிகழ்த்தினானா என்று கேலியும் செய்வார்கள். எது பண்பு, எது பண்பின் அடைமொழி என்று பிரிக்கும் வேலை இன்னும் பாக்கி என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் வெட்டி வேலை என்று சொல்வது அதைத்தான்.