வரிப்பணத்தில் நடந்த எரிசக்தி ஆராய்ச்சி அறிக்கைகள் எல்லாம் எங்கே போகின்றன?

கேள்வி கேட்டவர் கோபமாகவே கேட்டிருக்கிறார். காற்று, சூரிய ஒளி, சாண எரிவாயு என்று அரசு பல வருடங்களாகப் பணம் கொட்டுகிறது, அறிக்கை எழுதி அலமாரியில் வைத்ததைத் தவிர வேறென்ன நடந்தது என்பது அவருடைய கேள்வி. அலமாரியில் வைத்தவன் நான். ஓர் அரசு ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே இதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடன் எனக்கு இருக்கிறது.

என்னால் நேர்ந்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். 1993-ம் வருடக் கோடையில் உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பட்டறைக்காரர் நூலகத்துக்கு வந்தார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஊரையே தூக்கிக்கொண்டு போகும் பகுதி அது. "சார், கரண்ட் வராத கிணறுகள் நிறைய இருக்கின்றன. காற்றாடி வைத்துத் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் ஒன்றை சர்க்கார் முன்பே செய்திருக்கிறதாமே, அதன் வரைபடம் கிடைத்தால் நானே செய்துவிடுவேன்" என்றார். எந்த அறிக்கை எங்கே என்று பொருள்வாரியாக அட்டை எழுதிப் போட்டு வைக்கும் பட்டியல் பெட்டியில், 'காற்று ஆற்றல்' என்ற இழுப்பறையைத் திறந்து ஒவ்வோர் அட்டையாகத் தள்ளிப் பார்த்தேன். மின்சாரக் காற்றாலைகள் இருந்தன. கோபுரத்தின் அதிர்வு பற்றி இரண்டு அறிக்கைகள் இருந்தன. தண்ணீர் இறைப்பது இல்லை. தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து, வேறொருவருக்காக 'பாசனம் – நீர் இறைப்பு' என்ற இழுப்பறையில் தேடிக்கொண்டிருந்தபோது அந்த அட்டை கையில் தட்டுப்பட்டது. பெங்களூரில் உள்ள தேசிய விமானவியல் ஆய்வகம் 1960-களின் தொடக்கத்திலேயே நீர் இறைக்கும் காற்றாலையை வடிவமைத்திருந்தது. அதைப் பற்றிய அறிக்கை எங்களிடமே இருந்தது. எனக்கு முன்பிருந்தவர் அதைப் படித்துவிட்டு, 'இது தண்ணீர் விஷயம்' என்று முடிவு செய்து அங்கே போட்டிருக்கிறார். அவர் செய்தது தவறில்லை. காற்று என்ற இழுப்பறையிலும் இன்னொரு அட்டை போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் ஓடிப் போய் ஒரு அஞ்சலட்டை எழுதினேன். பட்டறைக்காரரிடமிருந்து மரியாதையான பதில் வந்தது: டீசல் என்ஜின் வாங்கிவிட்டாராம், தகவலுக்கு நன்றியாம்.

ஆராய்ச்சி நடந்தது, முடிவும் கிடைத்தது, அறிக்கையும் பத்திரமாக இருந்தது. ஓர் அட்டை குறைந்தது. அந்த அட்டையைப் போடுவதும் ஆராய்ச்சியின் ஒரு பகுதி என்று நம் நாட்டில் நிதி ஒதுக்குகிறவர்கள் ஒருபோதும் நினைத்ததில்லை. என் பதிலின் சாரம் இதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தச் சிக்கலை உலகத்துக்கே தெளிவாக எடுத்துச் சொன்னவர் நம் சீர்காழிக்காரர். எஸ். ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார், பயிற்சிக்கு லண்டன் போனார். அங்கே ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பெட்டியைப் பார்த்தார். அதே துண்டுகளையும் திருகாணிகளையும் வைத்து ஒருமுறை பாலம், மறுமுறை வண்டி என்று பூட்டிக் காட்டினார்கள். நூல்களுக்கும் இப்படிச் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. முன்கூட்டியே செய்து வைத்த பெட்டிகளில் ஒரு பொருளைத் திணிக்காமல், அதன் முகங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பிறகு கோத்துக்கொள்வது. 1933-ல் வந்த கோலன் பகுப்பு முறையின் அடிப்படை அது. எது, எதனால் ஆனது, என்ன செய்கிறது, எங்கே, எப்போது என்று ஐந்து முகங்கள். மூன்றாவது முகத்துக்கு அவர் வைத்த பெயர் 'ஆற்றல்'. எங்கள் நிறுவனத்தில் புதிதாகச் சேரும் பொறியாளர்கள் அதை மின்சாரம் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள், திருத்தித் திருத்தி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். உடுமலைப்பேட்டைக்காரரின் காற்றாடியை ரங்கநாதனிடம் கொடுத்திருந்தால், காற்று, நீர் இறைத்தல் இரண்டும் ஒரே குறியீட்டில் கோத்து வந்திருக்கும்.

அடுத்து, "என்ன நடந்தது" என்ற கேள்விக்கு வருகிறேன். முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் சுற்றுகிற காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றை நிறுத்தியவர்கள் தனியார். எங்கே நிறுத்துவது என்று கண்டுபிடித்தது பொதுப்பணம். அந்த வேலையில் வானிலை விஞ்ஞானி அன்னா மணியின் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. பீர்மேட்டில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், பெங்களூரில் சி. வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரம், மாணிக்கக் கற்களின் ஒளிநிறமாலையை ஆராய்ந்தவர். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை. எழுதி முடித்த ஆய்வேடு ராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில் இருக்கிறது. பட்டம் கிடைக்காத ஆய்வேட்டையும் பாதுகாத்து வைத்த அந்த நூலகத்தார் மீது எனக்கு ஒரு தனி மரியாதை.

அவர் வானிலைத் துறையில் சேர்ந்து கருவிகளைக் கவனித்தார். 1976-ல் ஓய்வு பெற்ற பிறகும் வேலையை விடவில்லை. இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சு அளவுகளைத் தொகுத்து 1980-லும் 1981-லும் பெரிய நூல்களாகக் கொண்டுவந்தார். 1983-ல் காற்றுத் தரவுகள் வந்தன. பிறகு நாடு முழுவதும் கம்பம் நட்டுக் காற்றை அளக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார்.

ஏற்கெனவே வானிலை நிலையங்கள் காற்றை அளந்துகொண்டுதானே இருந்தன, இன்னொரு முறை எதற்கு என்று கேட்கலாம். காற்றிலிருந்து கிடைக்கும் திறன், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப மாறுகிறது. வேகம் பத்து சதவிகிதம் கூடினால் திறன் முப்பத்து மூன்று சதவிகிதம் கூடும். வேகத்தைச் சற்றே குறைத்துக் கணக்கிட்டாலும் நல்ல இடம் கெட்ட இடமாகிவிடும். பழைய நிலையங்கள் பலவும் ஊருக்குள் இருந்தன. நிலையம் வைத்தபோது வெட்டவெளி. பிறகு வேப்பமரம் வளர்ந்தது, பக்கத்தில் மாடி வீடு வந்தது, கருவி சுற்றுவது குறைந்தது. பதிவேட்டில் எண் மட்டும் இருக்கும். மரம் எப்போது வளர்ந்தது, கருவி எத்தனை மீட்டர் உயரத்தில் இருந்தது, எந்தத் திசையில் கட்டடம் என்ற குறிப்பு இல்லாவிட்டால், முப்பது வருட எண்கள் இருந்தும் காற்றே குறைந்துவிட்டது போலத் தெரியும். எண்ணைப் பற்றிய அந்தச் சிறு குறிப்புகளை எழுதி வைப்பதும் நான் போட்ட அட்டையும் ஒரே சாதி வேலை. அப்படிக் குறிப்போடு வந்த அளவுகளை நம்பித்தான் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களுக்குக் கடன் கொடுக்க வங்கிகள் முன்வந்தன. 1986-ல் தூத்துக்குடியில் அரசே மாதிரிக்காகக் காற்றாலைகள் நிறுத்திக் காட்டியதும் சேர்ந்துகொண்டது.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள்? அமெரிக்க எரிசக்தித் துறைக்கு டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் ஓர் அலுவலகம் இருக்கிறது. அறிவியல், தொழில்நுட்பத் தகவல்களைச் சேகரிப்பதும் வகைப்படுத்துவதும் வெளியிடுவதும்தான் அதன் ஒரே வேலை. போர்க்காலத்தில் அணுகுண்டுக்காக யுரேனியம் செறிவூட்டிய ரகசிய ஊர் அது. ரகசியம் தேவையில்லாத தாள்களை வெளியே விட வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்த அந்த அலுவலகம் 1947 முதல் இயங்குகிறது. அந்தத் துறையின் பணத்தில் யார் ஆராய்ச்சி செய்தாலும் அறிக்கையை அங்கே ஒப்படைப்பது ஒப்பந்தத்திலேயே சேர்த்த கடமை. ஒப்படைத்ததை நீங்களும் நானும் இங்கிருந்தே காசில்லாமல் தேடிப் படிக்கலாம்.

அணுசக்தித் துறையில் மட்டும் உலக அளவில் ஓர் ஏற்பாடு 1970-லிருந்து நடக்கிறது. வியன்னாவின் சர்வதேச அணுசக்தி முகமை நடத்துகிறது. ஒவ்வொரு நாடும் தன் வீட்டுச் சரக்கை மட்டும் பட்டியலிட்டு அனுப்பும். எல்லா நாட்டுச் சரக்கும் ஒன்றாகித் திரும்பி வரும். ஊர்ச் சீட்டுக் கட்டுவது போன்ற கணக்கு. இந்தியாவின் பங்கை பாபா அணு ஆராய்ச்சி மையம் அனுப்புகிறது. அந்தக் காலத்தில் அறிக்கைகள் மைக்ரோஃபிஷ் என்ற படத்தகடாக வரும். அஞ்சலட்டை அளவுதான், அதில் அறுபது, தொண்ணூறு பக்கங்கள் அடங்கிவிடும். இரண்டு கண்ணாடிக்கு நடுவே செருகி, கைப்பிடியை நகர்த்தி, திரையில் பக்கம் தேட வேண்டும். தலைகீழாகச் செருகிவிட்டு இயந்திரம் கெட்டுப்போயிற்று என்று புகார் எழுதிய விஞ்ஞானிகள் உண்டு.

வெகு அருகில் இன்னொரு உதாரணம், புதுச்சேரி வீராம்பட்டினம். 1998-ல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடா அரசின் ஆராய்ச்சி நிதியோடு சில கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வங்கக் கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்று அமெரிக்கக் கடற்படை கணித்துத் தன் இணையதளத்தில் போட்டுவந்தது. தன் கப்பல்களுக்காகப் போட்டதுதான். வீராம்பட்டினம் மையத்தில் அதை இறக்கி, தமிழில் மாற்றி, கடற்கரையில் ஒலிபெருக்கியில் படித்தார்கள். படகை எடுப்பதா வேண்டாமா என்று மீனவர்கள் அதைக் கேட்டு முடிவு செய்தார்கள். எந்த நாட்டு வரிப்பணம், யாருக்காகச் செலவழித்தது, கடைசியில் யாருக்கு உதவியது பாருங்கள். இந்த ஏற்பாட்டில் அறிவியல் முழுக்க இரவல், ஒலிபெருக்கியும் மொழிபெயர்ப்பும் மட்டும் சொந்தம்.

இப்போது நம் நிலைமை. ஆய்வேடுகளுக்கு காந்திநகரிலிருந்து நடக்கும் ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது, நல்ல பணி. அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில், தங்கள் நிதியில் எழுதிய கட்டுரைகளைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்று கொள்கை வெளியிட்டன. வைக்கிறவர்கள் வைக்கிறார்கள். வைக்காதவர்களை யாரும் கேட்பதில்லை. 2024 நவம்பரில், ஆய்விதழ்களுக்கு மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். முப்பது பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். மாணவர்களுக்கு இது பெரிய வரம், மறுக்கவில்லை. ஆனால் அரசுக் கல்லூரிக்கும் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் வெளியே இருக்கிற பட்டறைக்காரருக்கு அந்தக் கதவு திறக்காது. அதோடு, அது இதழ்களை வாங்குகிற பணம். இதழில் வராத திட்ட அறிக்கை, கள அளவீடு, தோற்றுப்போன சோதனையின் குறிப்பு எல்லாம் இன்னும் அந்தந்த நிறுவனத்தின் அலமாரியில்தான். எனக்கென்னவோ, தோற்றுப்போன சோதனைகளைத்தான் முதலில் ஒழுங்குபடுத்த வேண்டும் என்று தோன்றுகிறது. அதே தவறுக்கு நாலு இடத்தில் நிதி ஒதுக்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நீங்களே தேடிப் பார்க்க நினைத்தால் ஒரே பெயரில் தேடாதீர்கள். பொருள், வேலை, இடம் என்று மூன்று வழியில் தேடுங்கள். காற்றாலை அளவுகளுக்குச் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் தளத்தைப் பாருங்கள். இணையத்தில் கிடைக்காத அறிக்கை என்றால் நிறுவனத்தின் நூலகருக்கே எழுதுங்கள். இயக்குநருக்கு எழுதினால் கோப்பு நகரும், நூலகருக்கு எழுதினால் அறிக்கை நகரும். அதுவும் வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். அறிக்கையின் பெயரும் வருடமும் தெரிந்தால் மறுப்பது கடினம். தெரியாவிட்டால் 'அப்படி எதுவும் பதிவில் இல்லை' என்ற ஒற்றை வரி பதிலாக வரும்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு எங்கள் நூலகம் வேறு கட்டடத்துக்கு மாறியது. புது இடத்தில் அலமாரி குறைவு. விடுப்பு முடிந்து வந்து பார்த்தபோது, பழைய அறிக்கைகளை ஆறு பெட்டிகளில் கட்டி, எடைக்குப் போட ஏற்பாடு செய்திருந்தார்கள். பழைய பேப்பர்காரர் தராசைத் தூக்கிக்கொண்டு நின்றார். கெஞ்சியும் சண்டை போட்டும் இரண்டு பெட்டிகளை மீட்டேன். மற்ற நான்கு, நான் வருவதற்கு முன்பே அன்று காலையில் வண்டி ஏறிவிட்டன. அவற்றில் என்ன இருந்தது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. பட்டியலும் அந்த நான்கில் ஒன்றில்தான் இருந்தது.