மேட்டர் எழுத ஆள் தேடுபவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

கேள்வி: ஈரோட்டில் வசிக்கிறேன். கோவையில் ஒரு விளம்பர ஏஜென்சியில் நான்கு ஆண்டுகள் தமிழ் காப்பிரைட்டராக, அதாவது விளம்பர வாசகம் எழுதுபவராக இருந்தேன். குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டேன். வீட்டிலிருந்தே எழுதித் தரலாம் என்று மூன்று மாதமாக இன்ஸ்டாகிராமில் தினமும் பதிவு போடுகிறேன். லைக் வருகிறது, வேலை வரவில்லை. நானே போய் வேலை கேட்டால் மதிப்பு குறைந்துவிடாதா?

பதில்: உங்களுக்கு லைக் போடுபவர்கள் யார் யார் என்று ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் உங்களைப் போல எழுதுபவர்களாகவே இருப்பார்கள். ‘நல்ல ஹெட்லைன் எழுதுவது எப்படி’ என்று பதிவு போட்டால், அதைத் தேடி வருபவர் ஹெட்லைன் எழுதக் கற்றுக்கொள்ள நினைப்பவர். ஹெட்லைன் தேவைப்படும் கடைக்காரர் அந்தப் பக்கமே வருவதில்லை.

நம் ஊர் வியாபாரிகளில் பலருக்குக் காப்பிரைட்டர் என்ற சொல்லே பழக்கமில்லை. நோட்டீஸ் அடிக்கப் போன இடத்தில் பிரஸ்காரர் “மேட்டர் கொண்டு வந்திருக்கீங்களா?” என்று, அதாவது அச்சடிக்க வேண்டிய வாசகத்தை, கேட்கும்போதுதான் எழுத ஆள் இல்லை என்பது உறைக்கிறது. வெப்சைட் செய்பவர் ‘எங்களைப் பற்றி’ பக்கத்துக்கு நாலு வரி கேட்டுக் கேட்டு அலுத்திருப்பார். மேட்டர் வராததால் அவருடைய வேலையும் நிற்கிறது, பில்லும் நிற்கிறது. நீங்கள் போய் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

ஆகவே முதலில் கடைக்காரர்களிடம் போகாதீர்கள். பிரஸ், டிசைனர், வெப்சைட் செய்பவர், பொருட்களைப் படம் எடுக்கும் போட்டோகிராபர் என்று ஈரோடு, திருப்பூர், கோவையில் பத்துப் பேரைப் பிடியுங்கள். பழைய ஏஜென்சி நண்பர்களும் இதில் அடக்கம். “மேட்டர் இல்லாமல் ஏதாவது வேலை தேங்கியிருந்தால் சொல்லுங்கள், இரண்டு நாளில் தருகிறேன்” என்றால் போதும். கமிஷன் கேட்டால் கொடுக்கலாம். ஆனால் எழுதும் முன் க்ளையன்ட்டிடம் ஒரு பத்து நிமிடம் நேரடியாகப் பேச வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். என்ன எழுத வேண்டும் என்ற விவரம் (பிரீஃப்) இன்னொருவர் வாய்வழியாக வந்தால் எழுத்து கெட்டுப்போகும். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

அடுத்தது மாதிரிகள். ஏஜென்சியில் எழுதியவற்றைக் காட்ட அனுமதி கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம். உங்களைச் சுற்றி என்னென்ன இருக்கிறது பாருங்கள். சென்னிமலை பெட்ஷீட், பவானி ஜமக்காளம், புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சள். மஞ்சள்தூள் பாக்கெட்டுகளில் எல்லாம் ‘100% சுத்தமானது’ என்ற ஒரே வரிதான். ஜமக்காளத்தை எடுத்துக்கொண்டால், கைத்தறி, பாரம்பரியம், தரம் என்று யாரும் எழுதிவிடலாம். ஆனால் அந்தப் பொருள் வீட்டில் எப்போது வெளியே வருகிறது? விசேஷம் என்று ஆட்கள் கூடும்போது. அப்படியென்றால்:

“சொந்தபந்தம் வந்தாச்சு, விரிச்சுப் போடுங்க.”

இப்படி ஒரே துறையில் மூன்று மாதிரிகள் செய்யுங்கள். ஜவுளி என்றால் மூன்றும் ஜவுளி. நகைக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று, ஜவுளிக்கு ஒன்று என்று கலந்து வைத்தால், ஜவுளிக்காரருக்கு உங்களிடம் பார்க்க ஒன்றுதான் இருக்கும். யாரும் கேட்காமல் நீங்களாகச் செய்தது என்பதால் ‘மாதிரி’ என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். எந்த நிறுவனத்தின் லோகோவையும் அதில் வைக்காதீர்கள்.

அப்புறம் இருபது வியாபாரிகளின் பட்டியல் ஒன்று போட்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப் அனுப்புங்கள். இப்படி இருக்கலாம்:

“வணக்கம்ங்க. ஈரோட்டில் இருந்து பேசுறேன். ஜவுளிக் கடைகளுக்கு விளம்பர மேட்டர் எழுதுறேன். உங்க புது பெட்ஷீட் போஸ்ட் பார்த்தேன். விலை இருக்கு, சைஸ் இல்லை. வாங்குறவங்க முதல்ல கேட்கிறது அதுதான். அதையும் சேர்த்து எழுதிப் பார்த்தேன், கீழே இருக்கு. பிடிச்சிருந்தா சொல்லுங்க.”

உங்களைப் பற்றி இரண்டே வரி, மீதி எல்லாம் அவர் பொருளைப் பற்றி. பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், அதோடு விடுங்கள். பிறகு சீசனுக்கு முன்னால் மறுபடி எழுதலாம். தீபாவளி மேட்டரைப் பற்றி ஐப்பசியில் பேசினால் எல்லாம் அச்சுக்குப் போயிருக்கும். ஆடித் தள்ளுபடி முடிவதற்குள் பேசிவிட வேண்டும்.

இப்போது மதிப்பு பற்றிய கேள்வி. இப்படிக் கேட்பதால் மதிப்பு குறையாது. அடுத்தவர் கடையைக் கவனித்துப் பார்த்துவிட்டுப் பேசுபவரை யாரும் குறைவாக நினைப்பதில்லை. மதிப்பு குறைவது, “முதல் மாதம் இலவசமாக எழுதித் தருகிறேன்” என்று சொல்லும்போது. வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிய அந்த ஒரு மாதிரி உங்கள் அன்பளிப்பு, அடுத்த வரியிலிருந்து காசு. தொடங்கும் முன் பாதி அட்வான்ஸ் வாங்குங்கள்.

லிங்க்ட்இன் உள்ளூர் கடைகளுக்கு உதவாது, வேறொன்றுக்கு உதவும். மும்பை, பெங்களூரு ஏஜென்சிகள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ யோசித்த விளம்பரங்களைத் தமிழுக்குக் கொண்டுவர ஆள் தேடுகின்றன. உங்கள் பெயருக்குக் கீழே ‘தமிழ் விளம்பரக் காப்பி, 4 ஆண்டு ஏஜென்சி அனுபவம்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதி வையுங்கள். மொழிபெயர்ப்பால் கெட்டுப்போன ஒரு வரியையும், அதையே நீங்கள் தமிழில் யோசித்து எழுதியதையும் அருகருகே போடுங்கள். ஃபைவர் போன்ற ஃப்ரீலான்ஸ் வேலைத் தளங்களில் இறங்குவதானால், சம்பாத்தியத்தில் 20% அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் கணக்கில் வைத்து விலை சொல்லுங்கள்.

இன்ஸ்டாகிராம் பக்கத்தை மூட வேண்டாம், தினமும் பதிவு போடுவதை மட்டும் நிறுத்துங்கள். அந்த மூன்று மாதிரிகளையும் மேலே பின் செய்து, வாட்ஸ்அப் எண்ணைத் தெரியும்படி வையுங்கள். உங்கள் செய்தியைப் படித்த வியாபாரி, யார் இவர் என்று தேடிப் பார்க்கும்போது அவை கண்ணில் படட்டும்.