களி உருண்டை நெஞ்சில் நிற்பது ஏன்? உணவுக்குழாய்த் தசைகள்: கேள்வி பதில்

விழுங்குவதில் வரும் சிக்கல்கள் பற்றி பெங்களூர்த் தமிழர்கள் கேட்டவையும், இரைப்பை குடல் மருத்துவர் ஒருவர் தந்த பதில்களும்.

அல்சூர் வாசகர்: ராகி முத்தேயை (களி உருண்டையை) மெல்லாமல்தான் விழுங்குறோம். அது இறங்குறது அதன் கனத்தாலா, தசையாலா?

பெரும்பாலும் தசையால். தலைகீழாக நின்று விழுங்கினாலும் வயிற்றுக்குப் போய்ச் சேரும். குழாயின் நீளம் சுமார் 25 செ.மீ. மேல்பகுதியில் கை கால்களில் இருப்பது போன்ற வரித்தசை, கீழ்ப்பகுதியில் மென்தசை, நடுவே இரண்டும் கலந்து. சுருக்க அலை வினாடிக்கு 3 முதல் 4 செ.மீ. நகரும். அதனால் உருண்டை கீழே சேர 8 முதல் 10 வினாடி ஆகும். உட்கார்ந்து குடிக்கும் தண்ணீருக்கு ஓரிரு வினாடி போதும். சாற்றில் நனைத்த உருண்டை வழுக்கும். வறண்டது அலைக்குக் கூடுதல் வேலை வைக்கும்.

ஆனால் சுருங்குவதற்கு முன்னால் தளர்வதுதான் முக்கியம். விழுங்கியதும் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடும் நரம்புகள் மென்தசைப் பகுதியைத் தளர்த்துகின்றன. கீழே போகப் போக இந்தத் தளர்வு நீடிக்கும் நேரம் கூடுவதால், சுருக்கம் மேலிருந்து கீழாக வரிசையாக வருகிறது. குழாயின் அடியிலுள்ள வால்வுத் தசையும் தொடக்கத்திலேயே திறந்து, அலை வரும்வரை காத்திருக்கிறது. சொம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்கும்போது இதைக் காணலாம்: நடு மடக்குகளில் அலையே கிடையாது, கடைசி மடக்குக்குப் பிறகுதான் ஒரு பெரிய அலை துடைத்துக்கொண்டு இறங்கும். நோய்களில் பலவற்றுக்கு மூலம் இந்தத் தளர்வு கெடுவதுதான்.

சிவாஜிநகர் வாசகர்: அம்மாவுக்குச் சோறும் அடைக்குது, தண்ணியும் அடைக்குது. படுத்தா இருமல். கேஸ்னு மாத்திரை குடுத்தாங்க, கேக்கல.

திட உணவு மட்டும் அடைத்து, பிறகு மெல்ல மெல்ல நீரும் அடைத்தால் குழாய் குறுகியிருக்கிறதா என்று பார்ப்போம். தொடக்கம் முதலே இரண்டும் அடைத்தால் தசையியக்கக் கோளாறைத் தேடுவோம். படுத்ததும் இருமல், காலையில் தலையணையில் புளிக்காத பழைய உணவு என்றால் அக்கலேசியாவாக இருக்கலாம். தளர்த்தும் நரம்பணுக்கள் அழிந்து, வால்வு திறக்காமலும் அலை எழாமலும் போகும் நோய் அது.

முதலில் எண்டோஸ்கோபி. 60 வயதுக்கு மேல், சில மாதங்களிலேயே எடை மளமளவென்று குறைந்தால், வால்வருகே வந்த புற்றுநோயும் அச்சு அசலாக இப்படியே நடிக்கும். அதே சமயம் எண்டோஸ்கோபி சரியாக இருப்பதால் மட்டும் அக்கலேசியா இல்லை என்று விட்டுவிடக் கூடாது. அடுத்தது மானோமெட்ரி, அதாவது குழாய்த் தசைகள் தரும் அழுத்தத்தை அளக்கும் சோதனை.

ராமமூர்த்தி நகர் வாசகர்: மானோமெட்ரியில் என்ன செய்வாங்க?

6 மணி நேரம் வெறும் வயிறு. நைட்ரேட், கால்சியம் தடுப்பான், ஓபியாய்டு (கடும் வலிநிவாரணி) மருந்துகள் முடிவை மாற்றும். முன்பே சொல்லுங்கள், தானாக நிறுத்தாதீர்கள். மூக்கு வழியாக மெல்லிய குழாய் போகும், 1 செ.மீ.க்கு ஒன்றாக 36 அழுத்த உணரிகள் இருப்பது வழக்கம். படுத்தபடி 5 மி.லி. தண்ணீர் 10 முறை, பிறகு உட்கார்ந்து சில முறை, 2 மி.லி.யாக வேகமாக 5 மடக்கு, கடைசியில் 200 மி.லி. ஒரே மூச்சில்.

இடையில் எச்சில் விழுங்குவதுதான் பெரிய தொல்லை. இரண்டாவது விழுங்கல் முதல் அலையை அணைத்துவிடும். நல்ல தசைகூடப் பலவீனமாகத் தெரியும். ஒவ்வொரு மடக்குக்கும் அரை நிமிடம் அமைதி தேவை.

அதே வாசகர்: 'டைப் 2 அக்கலேசியா' என்று வந்தால்?

அக்கலேசியாவின் மூன்று வகைகளில் சிகிச்சைக்கு நன்றாகப் பணிவது இதுதான். 30 மி.மீ. பலூனில் தொடங்கி வால்வை விரிக்கலாம். நூற்றில் ஓரிருவருக்குக் குழாய் கிழியும் அபாயம் உண்டு. 1913இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் ஹெல்லர் செய்த வால்வுத் தசை வெட்டு இன்று லேப்ராஸ்கோபியில் (சிறு துளைகள் வழியாக) நடக்கிறது. வாய் வழியாகவே வெட்டும் 'போயம்' முறையை 2008இல் ஜப்பானில் இனோவே தொடங்கினார். இறுகிச் சுருங்கும் டைப் 3க்கு நீளமாக வெட்ட முடிவதால் அதுவே என் தேர்வு. ஆனால் பிறகு அமில எதுக்களிப்பு அதிகம். எந்த முறையிலும் இயல்பான அலை திரும்பும் என்று எண்ணக் கூடாது, புவியீர்ப்புதான் துணை. நிமிர்ந்து உட்கார்ந்து, தண்ணீரோடு சாப்பிட்டு, படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே முடிக்க வேண்டும்.

ஃப்ரேசர் டவுன் வாசகர்: நெஞ்சுவலிக்கு நாக்கடியில் மாத்திரை வெச்சதும் குறைஞ்சது. அப்போ இதயம்தானே?

அதை வைத்து முடிவு செய்ய முடியாது. அந்த மாத்திரையிலுள்ள நைட்ரேட் உணவுக்குழாய் இறுக்கத்தையும் தளர்த்தும். இதயத்தை முதலில் முழுமையாகச் சோதியுங்கள். பிறகு மானோமெட்ரியில், விழுங்கி 4.5 வினாடிக்குள்ளேயே சுருக்கம் அடிப்பகுதியை எட்டும் விழுங்கல்கள் ஐந்தில் ஒன்றாவது இருந்தால் அது ஸ்பாசம், அதாவது உணவுக்குழாய்த் தசை இறுக்கம்.

ஸ்ரீராம்புரம் வாசகர்: உருண்டை சிக்கினால் வாழைப்பழம் விழுங்கலாமா?

கூடாது. மேலும் அடைக்கும், வாந்தி மூச்சுக்குழாயில் போகும். எச்சில்கூட இறங்காமல் வழிந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். சில மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபியில் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு குழாயிலிருந்து பயாப்ஸி (திசுத் துணுக்குச் சோதனை) பார்த்தார்களா என்று கேளுங்கள்: ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் சேர்ந்த ஒவ்வாமை அழற்சியும் இப்படித்தான் திரும்பத் திரும்ப அடைக்கும்.