40 கணினிகள் உள்ள பள்ளி ஆய்வகத்துக்கு ஒரே ஒரு வைஃபை ரவுட்டர் போதுமா?

சிக்னல் எல்லா மூலைக்கும் எட்டும். சிக்கல் அதில் இல்லை. ஒரு சேனலில், அதாவது வைஃபை பேசும் ஒரே அலைவரிசையில், கருவிகள் பெரும்பாலும் முறை வைத்துத்தான் பேச முடியும். பாடவேளை தொடங்கியதும் 40 பேரும் ஒரே வீடியோவைத் திறந்தால் பல திரைகளில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கலாம்.

இரண்டு ஆக்சஸ் பாயிண்டுகளை (கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்பும் கருவிகள்) எதிரெதிர்ப் பக்கங்களில் கூரையில் மாட்டி, ஸ்விட்சிலிருந்து (பல கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) கேபிள் இழுங்கள். வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரண்டுக்கும் வெவ்வேறு சேனல் கொடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் பொதுவாக 1, 6, 11 மட்டுமே. பக்கத்து அறை வைஃபையும் அங்கேதான் வந்து நெரிக்கும். அப்புறம், மாணவர்களின் நெட்வொர்க்கை அலுவலகத்தோடு சேர்க்காதீர்கள்.

சரி, மேசையை விட்டு நகராத கணினிகளுக்கு வைஃபை எதற்கு? என்னைக் கேட்டால் அவற்றுக்குக் கேபிள்தான். வைஃபை மடிக்கணினிகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும் இருக்கட்டும். அப்படிச் செய்தால் ஒரே ஆக்சஸ் பாயிண்ட்கூடப் போதலாம்.