அழுதால் விசுவாசம் இல்லையா? – கடிதம்

வணக்கம் சார்,

என் கணவர் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மாரடைப்பு, 41 வயது. நாங்கள் கோயில், விரதம் என்று இருந்த குடும்பம். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு எதிர்வீட்டு அக்காதான் தினமும் வந்து என் பையனுக்கு டிபன் கட்டிக்கொடுத்து ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டார். இயேசுவைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. நானாகத்தான் ஒருநாள் அவரோடு சர்ச்சுக்குப் போனேன். இப்போது போகாமல் இருக்க முடியவில்லை. பைபிள் வாசிக்கிறேன். ராத்திரி தூக்கம் வருகிறது.

என் அண்ணன், "நீ உடைஞ்சு கிடந்த நேரம் பார்த்து இழுத்துட்டாங்க" என்கிறார். இன்னொரு பக்கம் ஜெபக்கூட்டம் நடத்துகிறவர், "நம்பிக்கை இல்லாதவங்க மாதிரி துக்கப்படாதீங்கன்னு பவுல் எழுதியிருக்கார், இன்னும் அழுதா விசுவாசம் இல்லைன்னு அர்த்தம்" என்றார். கணவரின் செல்போன் நம்பருக்கு இன்னும் மாசாமாசம் ரீசார்ஜ் செய்கிறேன். அதையும் நிறுத்தச் சொல்கிறார். என் விசுவாசம் உண்மைதானா, இல்லை துக்கத்தில் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டேனா? ஞானஸ்நானம் எடுக்கலாமா?

(பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

ரீசார்ஜை நிறுத்த வேண்டாம். ஜெபக்கூட்டக்காரர் தலையிட வேண்டிய விஷயமே இல்லை அது.

நான் சர்ச்சிலேயே வளர்ந்தவன். துக்க வீட்டுக்குப் போனால் யாராவது ஒருவர் "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று ஆரம்பித்துவிடுவார். பைபிளில் அதைச் சொன்னது பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபு, தன் வாயால், தன்னைப் பற்றி. துக்கம் கேட்க வந்தவர்கள் சொன்னதில்லை. அதே யோபு மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறான். அந்த அதிகாரத்தைத் துக்க வீட்டில் வாசித்து நான் கேட்டதில்லை. 88-ஆம் சங்கீதத்தையும் எடுத்துப் பாருங்கள். ஆரம்பத்திலிருந்து முடிவு வரை புலம்பல்தான், கடைசி வரியில்கூட ஆறுதல் கிடையாது. அதையும் வேதத்தில் வைத்துத்தான் தந்திருக்கிறார்கள்.

அப்போஸ்தலர் பவுல் தெசலோனிக்கே ஊர் சபைக்கு எழுதிய கடிதத்தில் உள்ள அந்த வசனத்துக்கு வருகிறேன். நம்பிக்கை இல்லாதவர்களைப் போல துக்கப்படாதீர்கள் என்கிறார், சரி. துக்கமே படாதீர்கள் என்று அதில் எங்கே இருக்கிறது? இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தேதான் இயேசு பெத்தானியாவுக்குப் போகிறார். லாசருவின் சகோதரி மரியாள் அழுவதைப் பார்த்ததும் அவரும் கண்ணீர் விடுகிறார். யோவான் 11-இல் இருக்கிறது. இதற்கு மேல் உங்கள் கண்ணீருக்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

அண்ணன் கேட்பதை நான் தள்ளிவிட மாட்டேன். துக்க வீட்டைப் பார்த்து வலை விரிக்கிற ஆட்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள், நம்மிடமும் இருக்கிறார்கள். அவசரப்படுத்துகிறார்களா, பணம் கேட்கிறார்களா, பிறந்த வீட்டோடு ஒட்டுறவை வெட்டச் சொல்கிறார்களா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். டிபன் கட்டிக்கொடுத்த அக்கா இது எதையும் செய்ததாக நீங்கள் எழுதவில்லை.

ஆனால் துக்கத்தில் வந்த விசுவாசம் என்பதாலேயே அது மட்டமான சரக்கு என்று அண்ணன் நினைத்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்களுக்காகப் பாடுபட்ட பண்டித ரமாபாயின் கதையை அவருக்குச் சொல்லுங்கள். தீர்த்தயாத்திரை போய்க்கொண்டே புராணம் வாசித்துப் பிழைத்த மராத்தி சித்பாவன் பிராமணக் குடும்பம். 1870களின் பஞ்சத்தில் திருப்பதிப் பக்கத்துக் காட்டில் இலைதழைகளைத் தின்று கிடந்தார்கள். சில மாதங்களுக்குள் அப்பா, அம்மா, அக்கா மூவரும் போய்விட்டார்கள். ரமாபாய்க்கு அப்போது பதினாறு வயதுதான். அம்மாவின் பாடையைத் தூக்க நான்கு பேர் கிடைக்கவில்லை. இரக்கப்பட்டு வந்தது இரண்டு பேர். மூன்றாவது ஆள் அண்ணன், நான்காவது ஆள் ரமாபாய். மயானம் மூன்று மைல். குள்ளமான பெண் என்பதால் தோளுக்கு எட்டாமல் தலையில் வைத்துச் சுமந்தாள்.

1880-இல் அந்த அண்ணனும் இறந்தார். அதே வருடம் கல்யாணம், அடுத்த வருடம் ஒரு பெண் குழந்தை, 1882-இல் கணவர் காலராவில் போனார். இத்தனை சாவிலும் ரமாபாய் கிறிஸ்தவர் ஆகிவிடவில்லை. 1883-இல் இங்கிலாந்து போனார். அங்கே லண்டன் ஃபுல்ஹாமில், ஊர் ஒதுக்கிய பெண்களைக் கன்னியாஸ்திரீகள் அன்பாக வைத்துப் பராமரிப்பதைப் பார்த்து, ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். யூதர்கள் ஒதுக்கிய சமாரியர் இனத்துப் பெண் ஒருத்தியிடம் இயேசு இரக்கமாகப் பேசிய கதையைப் பைபிளிலிருந்து படித்துக்காட்டினார்கள். அந்த வருடமே ஞானஸ்நானம். உங்கள் டிபன் அக்காவைப் பற்றிப் படித்ததும் எனக்கு அந்த ஃபுல்ஹாம்தான் ஞாபகம் வந்தது.

அத்தோடு முடிந்துவிடவில்லை. ஞானஸ்நானம் எடுத்த பிறகும் ரமாபாய் தன் குருமார்களோடு ஓயாமல் வாதாடினார். எங்கள் ஊர்ப் புரோகிதர்களின் நுகத்திலிருந்து இப்போதுதான் கஷ்டப்பட்டு வெளியே வந்திருக்கிறேன், இன்னொரு நுகத்தை மாட்டிக்கொள்ள மாட்டேன் என்று கடிதமே எழுதினார். கிறிஸ்தவ மதம்தான் எனக்குக் கிடைத்திருந்தது, கிறிஸ்து கிடைக்கவில்லை என்று பின்னால் சொன்னார். கிறிஸ்து கிடைத்தார் என்று அவர் சொல்வது சுமார் எட்டு வருடம் கழித்து. உங்கள் ஜெபக்கூட்டக்காரர் ஒன்றரை வருடத்திலேயே கணக்கு முடிக்கப் பார்க்கிறார்!

சுகம் கிடைப்பது எப்படி இருக்கும் என்பதற்கும் ரமாபாயையே பார்க்கலாம். 1896-97 பஞ்சத்தில் மத்திய மாகாணத்துக்குப் போய், பட்டினி கிடந்த பெண்பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் கூட்டிவந்து சோறு போட்டார். புனே பக்கம் கேட்காவில் இருக்கும், ஆதரவற்ற பெண்களுக்கான முக்தி மிஷன் இல்லம் அப்படி வளர்ந்ததுதான். தன் பழைய பசியை அவர் மறந்திருந்தால் அங்கே போயிருப்பாரா? 1921-இல் மகள் மனோரமாவும் இறந்தாள். அம்மா ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை, 1922 ஏப்ரலில் போய்விட்டார். விசுவாசத்தில் குறை இருந்ததால்தான் என்று அவரைப் பற்றிச் சொல்ல யாருக்காவது வாய் வருமா?

அதனால் பிடித்துக்கொண்டேனா என்று உங்களையே குடைந்துகொள்ளாதீர்கள். பிடித்துக்கொண்டீர்கள்தான். தவறென்ன?

ஞானஸ்நானத்துக்கு அவசரம் இல்லை. ஆயரிடம் நேராகப் போய், ஜெபக்கூட்டத்தில் சொன்னதையும் சேர்த்துச் சொல்லி, ஒரு வருடம் காத்திருக்கலாமா என்று கேளுங்கள். அவர் பதில் சொல்கிற விதத்திலேயே சபை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். அப்புறம், அண்ணனோடு பேச்சை விட்டுவிட வேண்டாம். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அவரையும் கூப்பிட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் கேக்கை வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.