உடல் எடையை ஏன் மெதுவாகக் குறைக்க வேண்டும்?

ஒரே மாதத்தில் 10 கிலோ குறைக்க வழியிருக்கும்போது, ஏன் எல்லோரும் மெதுவாகக் குறைக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கடும் பட்டினியின் முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்குவது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பகுதி கொழுப்பு அன்று. கல்லீரலிலும் தசைகளிலும் சேமிக்கப்பட்டிருக்கும் கிளைக்கோஜன் என்னும் சர்க்கரை இருப்பு, தன் எடையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீரைப் பிடித்துவைத்திருப்பதால், அது செலவாகும்போது அந்த நீரும் வெளியேறுகிறது. பழைய உணவுக்குத் திரும்பிய சில நாட்களிலேயே இரண்டும் வந்து சேர்ந்துவிடும். தராசைப் பார்த்து மனம் உடைவது பெரும்பாலும் அப்போதுதான்.

ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கிலோகலோரி ஆற்றல் இருக்கிறது. நாளொன்றுக்கு 500 கிலோகலோரி குறைத்தால், தொடக்கத்தில் வாரத்துக்கு ஏறக்குறைய அரை கிலோ குறையலாம். இனிப்புப் பானங்களை விடுவதும், இரண்டாம் முறை பரிமாறிக்கொள்ளும் முன் பத்து நிமிடம் பொறுப்பதும் இதற்குப் பெரிதும் உதவும்.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பை உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. தினமும் 10 நிமிட நடையில் தொடங்கி, வாரந்தோறும் 5 நிமிடம் கூட்டினால், ஐந்தாம் வாரத்தில் அரைமணி நேரம் நடப்பீர்கள். தசை கரையாமலிருக்க, வாரத்தில் இரு நாள் வலுப்பயிற்சியும் வேண்டும்.

எடை குறையக் குறைய உடலின் ஆற்றல் தேவையும் குறைவதால், சில மாதங்களில் எடை அசையாமல் நிற்கக்கூடும். அது தோல்வி அன்று, கணக்கை மீண்டும் போடவேண்டிய நேரம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும் உணவைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும், ஏனெனில் மருந்தின் அளவையும் மாற்ற நேரிடலாம்.